காரைத் தாழ்த்தி ரிம்மை ஃபெண்டரோடு ஒட்ட நிறுத்துவது எப்படி? கொழும்பு வீதிகளுக்கான முழுமையான வழிகாட்டி

காரைத் தாழ்த்த நினைப்பவர்களில் பலர் முதலில் ஸ்பிரிங்கை வாங்கிப் பூட்டிவிட்டு, அப்புறம் ரிம் தேடி, கடைசியில் கையில் மிஞ்சிய காசுக்கு டயர் போடுகிறார்கள். டயர் தட்டுவது, ஷொக் சீக்கிரம் போவது, டயரின் உள்விளிம்பு தேய்வது எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இந்த வரிசைதான் காரணம். கார் எவ்வளவு இறங்கலாம் என்பதை டயர் எங்கே தட்டும் என்பதுதான் தீர்மானிக்கிறது. ஆகவே ரிம்மின் அகலம், ஒஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பதைச் சொல்லும் எண்), டயரின் அளவு மூன்றையும் தாளில் கணக்குப் பார்த்து முடித்த பின்னரே ஸ்பிரிங்குக்குக் காசு கொடுக்க வேண்டும். இந்த வழிகாட்டியும் அதே வரிசையில்தான் போகிறது.

இங்கே சொல்வது முன்னால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷொக்கும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டோர்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றைத் தண்டு) உள்ள கார்களுக்குப் பொருந்தும். டொயோட்டா அக்வா, விட்ஸ், எக்ஸியோ, ஹொண்டா ஃபிட், கிரேஸ் என்று கொழும்பில் கண்ணில் படுபவற்றில் பெரும்பங்கு இந்த வகைதான். நான்கு பக்கமும் டபிள் விஷ்போன் உள்ள பழைய சிவிக் போன்றவற்றுக்கு அளவெடுக்கும் முறை ஒன்றே; கழற்றிப் பூட்டும் வேலை வேறு.

முதலில் அளவெடுப்பு

சமதளமான சிமெந்துத் தரையில் காரை நிறுத்துங்கள். டேங்க் பாதி, காரில் ஆள் இல்லை, டயர் காற்று கதவுப் பக்க ஸ்டிக்கரில் உள்ளபடி. நான்கு மூலைகளிலும் ஹப்பின் (சக்கரம் பூட்டப்படும் மையப் பகுதி) நடுப்புள்ளியிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள பொடித் தகடு) விளிம்பு வரை செங்குத்தாக அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரும் காற்றும் மாறும்போது கணக்கும் மாறிவிடும். ஹப்பிலிருந்து அளந்தால் சஸ்பென்ஷனின் உயரம் மட்டுமே தெரியும். இடமும் வலமும் 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒரு ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது, அல்லது கார் எங்கோ அடிபட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மேலே போக வேண்டாம்.

அடுத்து, பின் சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்துத் திரும்ப அளவுங்கள். கொழும்பில் சின்னக் கார்தான் குடும்பக் கார். ஐந்து பேர் ஏறுவது வழக்கம். பின் ஸ்பிரிங் மி.மீ.க்கு 2 கிலோ என்று வைத்துக்கொண்டால், பின்னால் ஏறும் 180 கிலோ பக்கத்துக்கு 90 கிலோவாகப் பிரிந்து காரை ஏறத்தாழ 45 மி.மீ. இறக்கும். ஏற்கெனவே 40 மி.மீ. தாழ்த்திய காரில் இதையும் சேர்த்தால் பின்பக்கம் பம்ப் ஸ்டொப்பிலேயே (ஷொக் அடிமட்டம் வரை போய் இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) உட்கார்ந்து ஓடும். ஷோவுக்கு நிறுத்தும் காரைப் பார்த்து அளவு எடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

அக்வாவின் தரை இடைவெளி 140 மி.மீ. மட்டுமே. அதில் 30 மி.மீ. குறைந்தால் மிஞ்சுவது 110. அது உங்கள் பாதைக்குப் போதுமா என்று அறிய ஒரு மலிவான வழி உண்டு. 30 மி.மீ. தடிப்புள்ள ரிஜிஃபோம் துண்டுகளை முன் பம்பரின் அடியிலும், காரின் நடுவில் தாழ்ந்த இடத்திலும், எக்ஸ்ஹோஸ்ட்டைத் தவிர்த்து, டேப்பால் ஒட்டி ஒரு வாரம் வழக்கமான இடங்களுக்கெல்லாம் போய் வாருங்கள். வெள்ளவத்தை அபார்ட்மென்ட்டின் நிலக்கீழ் பார்க்கிங், வீட்டு வாசலில் கானுக்கு மேல் போட்ட சிலாப், நாரஹேன்பிட்டி, நுகேகொடைப் பக்கத்து ரயில் கடவைகள், ஒழுங்கைகளில் ஊரார் தாங்களே கட்டிய வேகத்தடைகள் எதையும் விட வேண்டாம். ரிஜிஃபோம் எங்கே உரசியிருக்கிறதோ, கார் நாளை அங்கேதான் உரசும். நடுத்துண்டு உரசியிருந்தால் 20 மி.மீ.க்கு மேல் ஆசைப்பட வேண்டாம். முன்துண்டு மட்டும் என்றால் கோணமாக ஏறிச் சமாளிக்கலாம்.

ரிம் கணக்கு

ஃப்ளஷ் என்றால் ரிம்மின் வெளிவிளிம்பும் ஃபெண்டரின் விளிம்பும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்பது. எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கக் கொத்தனாரின் தூக்குக் குண்டு போதும். ஃபெண்டர் விளிம்பின் உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டு, நூலுக்கும் இப்போதுள்ள ரிம்மின் விளிம்புக்கும் இடையில் எத்தனை மி.மீ. என்று அளவுங்கள். முன்னும் பின்னும் வேறாக இருக்கும். பெரும்பாலான கார்களில் இடமும் வலமும்கூட இரண்டு மூன்று மி.மீ. மாறும், சிறிய அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ரிம்மின் மேல் 15×5ஜே +39 என்று இருந்தால், 15 அங்குல விட்டம், 5 அங்குல அகலம், ஹப்பில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 39 மி.மீ. வெளிப்புறம் என்று பொருள். ஒஃப்செட் எண் குறையக் குறைய ரிம் வெளியே வரும். அக்வாவின் 15 அங்குல ரிம் இந்த அளவுதான், அதற்கு 15×6.5ஜே +38 போடுவதாக வைத்துக் கணக்கிடலாம்.

5 அங்குலம் 127 மி.மீ.; பாதி 63.5. வெளிவிளிம்பு ஹப் முகத்திலிருந்து 63.5 − 39 = 24.5 மி.மீ. தூரத்தில் இருக்கிறது. 6.5 அங்குலம் 165.1, பாதி 82.55. புதிய வெளிவிளிம்பு 82.55 − 38 = 44.5. அதாவது ரிம் 20 மி.மீ. வெளியே வருகிறது. உட்பக்கம் கூட்ட வேண்டும்: பழையது 63.5 + 39 = 102.5, புதியது 82.55 + 38 = 120.5, உள்ளே 18 மி.மீ. போகிறது. உங்கள் தூக்குக் குண்டு 20 மி.மீ. இடம் காட்டியிருந்தால் இந்த ரிம் ஃப்ளஷ்ஷாக நிற்கும். 15 மி.மீ. மட்டுமே காட்டியிருந்தால் ஒஃப்செட் +43 வேண்டும்.

பலர் ரிம்மோடு கணக்கை முடித்துவிடுகிறார்கள். தட்டுவது டயர்தான். பழைய 175 டயர் 5ஜே ரிம்மில் 175 மி.மீ. அகலம், அதன் வெளிமுகம் 87.5 − 39 = 48.5. 195/55 டயரின் 195 என்ற அளவு 6ஜே ரிம்முக்கு உரியது. ரிம் அரை அங்குலம் கூடினால் டயர் ஏறத்தாழ 5 மி.மீ. விரியும். ஆகவே 6.5ஜேயில் அது 200 மி.மீ. ஆகும். புதிய வெளிமுகம் 100 − 38 = 62. ரிம் 20 மி.மீ. வெளியே வந்தபோது டயர் வந்தது 13.5 மட்டுமே. பழைய செட்டில் டயர் ரிம்மைத் தாண்டிப் பிதுங்கி நின்றது. புதியதில் அந்தப் பிதுக்கம் குறைகிறது. ஃப்ளஷ் பார்வைக்கு அழகாக இருப்பதற்கும், கணக்குச் சரியாக இருந்தால் தட்டாமல் ஓடுவதற்கும் காரணம் இதுதான்.

உட்பக்கம் டயரின் முகம் 87.5 + 39 = 126.5இலிருந்து 138க்குப் போகிறது. ஸ்ட்ரட்டை நோக்கி 11.5 மி.மீ. நெருக்கம். ஓடும்போது டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவில் குறைந்தது 5 மி.மீ. வேண்டும். ஆகவே இப்போதுள்ள இடைவெளி 16.5 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் இந்த ரிம் ஆகாது. உருண்டை அலன் சாவிகளையோ பென்சிலையோ அந்த இடைவெளியில் நுழைத்துப் பார்த்தால் அளவு கிடைத்துவிடும். ஸ்பிரிங்கின் அடித்தட்டு டயருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். டயரின் விட்டம் கூடினால் அந்தத் தட்டில்தான் முதலில் உரசும்.

துளை, நட், ஹப்

அக்வா, விட்ஸ், எக்ஸியோ எல்லாம் 4×100 (100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் நான்கு துளை), நடுத்துளை 54.1 மி.மீ., நட் ஏறும் ஸ்டட் 12×1.5 (12 மி.மீ. தடிப்பு, 1.5 மி.மீ. புரி இடைவெளி). ஃபிட், கிரேஸ் 4×100தான், ஆனால் நடுத்துளை 56.1. பிரிமியோ, அலியன் 5×100. சுசுகி வேகன் ஆர் 4×100, 54.1, ஆனால் ஸ்டட் 12×1.25. டொயோட்டா நட்டைச் சுசுகியில் முறுக்கினால் முதல் சில சுற்று போவது போலப் போய் ஸ்டட்டின் புரியைத் தின்றுவிடும். நட் கைவிரலால் முழுதும் சுழலவில்லை என்றால் ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

நட்டின் உட்காரும் முகம் இன்னொரு பொறி. ஹொண்டாவின் ஒரிஜினல் நட் பந்து வடிவம். வெளியில் விற்கும் அலோய் ரிம் அநேகமாகக் கூம்பு வடிவம். ஒரிஜினல் நட்டையே போட்டால் விளிம்பில் மெல்லிய வளையம் மட்டுமே தொடும். முறுக்கு நிற்காது, சில நாட்களில் தளரும். டொயோட்டாவின் சில அலோய்களுக்குத் தட்டை வொஷர் நட் வரும். அதுவும் கூம்புத் துளைக்கு ஆகாது. ரிம் மாற்றினால் நட் செட்டும் மாற்றுங்கள். இதில் மிச்சம் பிடிக்க எதுவுமில்லை.

வெளிச்சந்தை ரிம்களின் நடுத்துளை பெரும்பாலும் 67.1 அல்லது 73.1. இடையில் ஹப் ரிங் போடாவிட்டால் மணிக்கு 70 முதல் 90 கி.மீ. வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். வீல் பேலன்ஸ் எத்தனை முறை செய்தாலும் போகாத நடுக்கம் அநேகமாக இதுதான்.

ஸ்பேசர் போட்டுச் சரிசெய்யலாம் என்பார்கள். 3 மி.மீ. தகடு வரை ஒரிஜினல் ஸ்டட்டில் சமாளிக்கலாம். அளவு எதுவானாலும், 12×1.5 ஸ்டட்டில் நட் குறைந்தது 8 முழுச் சுற்றும், 12×1.25இல் 10 சுற்றும் ஏற வேண்டும். அதாவது 12 மி.மீ. புரி பிடித்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நீள ஸ்டட் அடிக்க வேண்டும், அல்லது ஹப்பில் பொருந்தி உட்காரும் போல்ட்-ஒன் ஸ்பேசர் வாங்க வேண்டும். பல துளை அளவுக்கும் பொருந்தும் நீள்துளை ஸ்பேசரைக் கையாலும் தொடாதீர்கள்.

பஞ்சிகாவத்தையிலோ டெல்கந்தையிலோ ஜப்பான் பாவித்த ரிம் பார்க்கும்போது பின்பக்கம் வார்ப்பில் ஜேடபிள்யூஎல் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது ஜப்பானின் பயணிகள் கார் அலோய் தரக்குறி. பிறகு உள்விளிம்பை விரலால் முழுச் சுற்றும் தடவுங்கள். வெல்டிங் செய்து அரைத்துப் பெயின்ட் அடித்த இடம் கைக்குத் தெரியும். நான்கையும் பேலன்ஸ் மெஷினில் வெறும் ரிம்மாகச் சுற்றவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். குழி விழுந்த வீதியில் வளைவது பெரும்பாலும் உள்விளிம்பு. முகப்பு புதிதுபோலவே இருக்கும்.

டயர்

175/65 ஆர்15 (அகலம் 175 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம்) டயரின் விட்டம் 608.5 மி.மீ. 185/60 ஆர்15 என்றால் 603. 195/55 ஆர்15 என்றால் 595.5; 195/50 ஆர்16 என்றால் 601.4, 195/50 ஆர்15 என்றால் 576. ஒரிஜினலிலிருந்து 3 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும் என்பது பொது அளவுகோல். 195/55 ஆர்15 2.1 சதவீதம் சிறியது. ஸ்பீடோ மீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட உண்மையில் 98 ஓடும். 195/50 ஆர்15 5 சதவீதத்துக்கு மேல் சிறியது. பார்வைக்கு இடைவெளி பெரிதாகி, அதை மறைக்க இன்னும் தாழ்த்தத் தூண்டும். அந்த வலையில் விழ வேண்டாம்.

சுமைக் குறியீட்டைக் கடைக்காரர் சொல்லமாட்டார், நீங்கள்தான் பார்க்க வேண்டும். 175/65 ஆர்15இல் 84 என்று இருக்கும்: டயருக்கு 500 கிலோ. 195/55 ஆர்15இல் 85, 515 கிலோ. 195/50 ஆர்15இல் 82, 475 கிலோ. வேகன் ஆரில் 155/65 ஆர்14இன் 75 குறியீட்டுக்குப் பதில் 165/55 ஆர்14 போட்டால் 72க்கு இறங்கிவிடும். 387 கிலோவிலிருந்து 355. நான்கு பேரும் ஒரு மூட்டை அரிசியும் ஏறும் காருக்கு அது இறக்கம்தான்.

ஒவ்வொரு டயர் அளவுக்கும் ஏற்ற ரிம் அகல எல்லை உண்டு. 185/55 ஆர்15க்கு 5 முதல் 6.5ஜே வரை, 195/50, 195/55 ஆர்15க்கு 5.5 முதல் 7ஜே வரை. எல்லையின் மேல் முனையில் டயர் சற்று இழுபட்டு நிற்கும், பக்கச்சுவர் சாய்வாக ஃபெண்டருக்குள் போகும். ஃப்ளஷ் செட்டுக்கு அதுவே போதும். அதைத் தாண்டி 165 டயரை 7ஜேயில் இழுத்துப் போடுவது படத்துக்கு அழகு; மழைக்குப் பின் தண்ணீர் நிறைந்த குழியில் ரிம் விளிம்பைக் காக்க அங்கே ரப்பரே இருக்காது, காற்றுக் குறைந்தால் பீட் (ரிம்மைப் பிடிக்கும் டயர் விளிம்பு) கழன்றுவிடும். கொழும்புக்கு எங்கள் தீர்ப்பு: பக்கச்சுவர் உயரம் 95 மி.மீ.க்குக் குறையாத அளவு. 195/55 ஆர்15இல் 107, 195/50 ஆர்16இல் 97.5. 17 அங்குலம் போனால் மாதம் ஒரு ரிம் நேராக்கத் தயாராக இருங்கள்.

வாங்கும்போது பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்; 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பாவித்த ஜப்பான் டயரில் பள்ளம் ஆழமாக இருக்கும், ஆனால் ரப்பர் இறுகியிருக்கும். ஈர வீதியில் பிரேக் பிடிக்கும்போதுதான் அது தெரியவரும்.

எதைக் கொண்டு தாழ்த்துவது

ஸ்பிரிங்கை வெட்டுவதைப் பற்றி முதலில் சொல்லிவிடலாம், ஏனென்றால் இன்றும் கராஜ்களில் அது நடக்கிறது. ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால் இறுக்கம் 20 சதவீதம் கூடும்; அது பெரிய பிரச்சினையல்ல. பிரச்சினை நீளம். சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டுக் கழன்று, தரையில் படும்போது இடம் மாறி உட்காரும். காஸ் டோர்ச்சால் வெட்டினால் அந்த இடத்தின் பதம் போய் அங்கேயே உடையும். முனை சுருண்டு சிறுத்த பின் ஸ்பிரிங்கை வெட்டினால் அது இருக்கையிலேயே பொருந்தாது. சூடாக்கித் தாழ்த்துவது இதைவிட மோசம்.

தாழ்த்தும் ஸ்பிரிங் செட்தான் பெரும்பாலானவர்களுக்குப் போதும். டீன், ஆர்எஸ்-ஆர், எஸ்பெலிர் போன்ற ஜப்பான் தயாரிப்புகள் இந்த கார்களுக்கென்றே வருகின்றன. ஜப்பானின் ஷாக்கென் என்ற கட்டாய வாகனச் சோதனையில் தரை இடைவெளி 90 மி.மீ.க்குக் குறையக் கூடாது, தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையில் ஆடக் கூடாது. அந்தச் சோதனைக்கு ஏற்றது என்று பெட்டியில் குறித்த செட்டை எடுத்தால் இந்த இரண்டு கவலையும் குறையும். ஆனால் ஹைபிரிட் மொடலுக்கும் பெற்றோல் மொடலுக்கும் பகுதி எண் வேறு, எடை வேறு. ஃபிட் பெற்றோலின் பின் ஸ்பிரிங்கை, பின்னால் பெட்டரி சுமக்கும் ஹைபிரிட்டில் போட்டால் பின்பக்கம் சொன்ன அளவைவிடக் கீழே உட்கார்ந்துவிடும்.

உயரம் மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷொக் செட்டான கொய்லோவரில் இரண்டு வகை. ஒன்றில் ஸ்பிரிங் தட்டை மட்டும் ஏற்றி இறக்கலாம். தட்டை இறக்க இறக்க ஷொக்கின் பயண தூரம் குறையும். மற்றதில் முழு உடலையே கீழ்த் தாங்கியில் திருகி நீளம் மாற்றலாம். உயரம் மாறினாலும் பயணம் மாறாது. இரண்டாவது கிடைத்தால் அதுதான். கொழும்பின் உப்புக் காற்றில் கொய்லோவரின் புரி இறுகிவிடும். பூட்டும்போதே கொப்பர் கிரீஸ் தடவி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழுவித் திருகிப் பார்க்க வேண்டும். மரைன் டிரைவ் பக்கம் இரவில் வெளியே நிறுத்தும் கார் என்றால் இன்னும் அடிக்கடி. ஏர் சஸ்பென்ஷன் தினசரி ஓட்டத்துக்கு அவசியமில்லை.

தாழ்த்தும் அளவு 25 முதல் 30 மி.மீ. அதற்குமேல் 40 வரை போகலாம். ஆனால் பழைய ஷொக்கோடு அல்ல. ஒரு லட்சம் கி.மீ. ஓடிய ஷொக்கில் புதிய ஸ்பிரிங் போடுவது செத்த குதிரைக்குச் சேணம் பூட்டுவது. ஷொக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகவே போகட்டும்.

முன்பக்கம் பூட்டுவது

தேவையானவை: ட்ரோலி ஜெக், இரண்டு ஜெக் ஸ்டாண்ட், 14, 17, 19 மி.மீ. சொக்கெட், 5, 6 மி.மீ. அலன் சாவி, இரண்டு ஸ்பிரிங் கொம்பிரஸர், டோர்க் ரெஞ்ச். பகுதிகளில் ஸ்பிரிங்கோடு டொப் மவுன்ட் (ஸ்ட்ரட்டின் மேல் தாங்கி), அதன் பெயரிங், பம்ப் ஸ்டொப், டஸ்ட் கவர் புதிதாக எடுங்கள். இவை இல்லாமல் வேலையை ஆரம்பித்து, கழற்றிய பின் பழையது நொறுங்கிப் போனால் காரைத் தூக்கில் விட்டுவிட்டுக் கடைக்கு ஓட வேண்டும். ஹைபிரிட் என்றால் காரை முழுதாக அணைத்துச் சாவியைத் தூரமாக வையுங்கள். சத்தமில்லாமல் ரெடி நிலையில் நிற்கும்.

அக்வா, விட்ஸ், ஃபிட் போன்றவற்றில் ஸ்ட்ரட்டின் மேல் நட், முன்கண்ணாடியின் அடியில் வைப்பரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடிக்கு அடியில் இருக்கும். வைப்பரையும் அந்த மூடியையும் கழற்றுங்கள். கார் தரையில் நிற்கும்போதே நடு நட்டைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள், கழற்றக் கூடாது. பிறகு தூக்கி ஸ்டாண்டில் வைத்து சக்கரத்தை எடுங்கள். ஸ்ட்ரட்டும் நக்கிளும் (ஹப்பைத் தாங்கும் இரும்புப் பகுதி) சேரும் இடத்தைப் பெயின்ட் பேனையால் கோடு போட்டு வையுங்கள். கெம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) பழைய இடத்துக்குத் திரும்ப உதவும்.

ஏபிஎஸ் வயரையும் பிரேக் ஹோஸையும் ஸ்ட்ரட்டிலிருந்து விடுவித்து, ஸ்டபிலைசர் லிங்க்கைக் கழற்றுங்கள். லிங்க் சேர்ந்து சுற்றினால் நடுவில் அலன் சாவியைப் பிடிக்க வேண்டும். நக்கிளுக்கு அடியில் ஜெக்கைக் கொடுத்துவிட்டே பெரிய இரண்டு போல்ட்டையும் எடுங்கள். நக்கிள் வெளிப்பக்கம் சாய்ந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜொயின்ட் கழன்றுவிடும். அதைத் திரும்பப் போட அரைநாள் போகும். மேல் நட்டுகளைக் கழற்றி ஸ்ட்ரட்டை இறக்குங்கள்.

கொம்பிரஸர் இரண்டையும் எதிரெதிராகப் பொருத்தி, மாறி மாறிச் சில சுற்றுகள் முறுக்குங்கள். ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து ஆடிய பின்னரே நடு நட்டைக் கழற்ற வேண்டும். ஸ்பிரிங்குக்கு நேராக முகத்தை வைக்காதீர்கள். புதிய ஸ்பிரிங்கின் கீழ் முனை தட்டில் உள்ள படியில் சரியாக முட்ட வேண்டும்; கொஞ்சம் விலகினாலும் ஸ்டியரிங் திருப்பும்போது டிங் என்று சத்தம் வரும். பெட்டியில் பம்ப் ஸ்டொப்பை வெட்டச் சொல்லியிருந்தால் சொன்ன அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். முழுதாக எடுத்துவிட்டால் ஷொக்கின் உள்வால்வு இடிபட்டுச் சிதறும். நடு நட்டை இம்பெக்ட் கன்னால் முறுக்கக் கூடாது. தண்டு சுழன்று சீலைக் கிழிக்கும்.

பின்பக்கம்

பின்பக்கம் எளிது. பீமுக்கு அடியில் ஜெக், இரு பக்க ஷொக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி, பீமை மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வரும். கண் மட்டும் பிரேக் ஹோஸிலும் ஹேண்ட் பிரேக் கேபிளிலும் இருக்கட்டும். அவை இழுபடும் முன் நிறுத்துங்கள். ரப்பர் இருக்கைகளை மறக்காமல் மாற்றிப் போடுங்கள்.

இதற்குப் பிறகு அநேகர் தவறவிடும் வேலை ஒன்று உண்டு. முன் கீழ் ஆர்ம், பின் பீம், ஷொக் கீழ் போல்ட் எல்லாவற்றின் ரப்பர் புஷ்ஷும் பழைய உயரத்தில் இறுக்கப்பட்டவை. கார் தாழ்ந்ததும் அவை எப்போதும் முறுகிய நிலையிலேயே இருக்கும், மாதங்களில் கிழியும். சக்கரம் பூட்டி, காரைத் தரையில் அல்லது ரேம்பில் நிறுத்தி, அந்த போல்ட்டுகளைத் தளர்த்தி, காரைக் குலுக்கிவிட்டு, புதிய உயரத்தில் டோர்க் வைத்து இறுக்க வேண்டும். சக்கர நட் டொயோட்டாவுக்கு 103, ஹொண்டாவுக்கு 108 நியூட்டன் மீட்டர்.

தட்டுகிறதா என்று பார்ப்பது

ஓட்டிப் பார்த்துத் தட்டல் கண்டுபிடிப்பது டயருக்குச் செலவு. முன் ஸ்ட்ரட்டில் ஸ்பிரிங் இல்லாமல் பூட்டி, பம்ப் ஸ்டொப் நசுங்கும் வரை நக்கிளை ஜெக்கால் மேலே தள்ளி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். இரட்டை வேலைதான், ஆனால் ரிம் புதிதென்றால் இதைச் செய்தே ஆக வேண்டும். ஃபெண்டர் விளிம்பின் உட்பக்கத்தில் பிள்ளைகளின் கிளே உருண்டைகளை ஒட்டுங்கள். நசுங்கியதன் தடிப்பு இடைவெளியைச் சொல்லும். எல்லா இடத்திலும் 5 மி.மீ. இருந்தால் போதும்.

டயரின் வெளித்தோளில் உரசல் என்றால் ஃபெண்டர் விளிம்பு. ஸ்டியரிங் திருப்பும்போது மட்டும் என்றால் லைனர் (சக்கரக் குழியின் பிளாஸ்டிக் உறை) அல்லது பம்பர் சேரும் இடத்துத் திருகாணி. உட்பக்கம் என்றால் ஸ்ட்ரட். திருகாணியைக் கிளிப்பாக மாற்றுவது, லைனரை ஹீட் கன்னால் உள்ளே அழுத்துவது இரண்டும் சின்ன வேலை. விளிம்பே தட்டினால் ஃபெண்டர் ரோலிங்: ஹப்பில் பூட்டும் உருளைக் கருவியால், பெயின்டை ஹீட் கன்னால் கை தாங்காத சூட்டுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மடிக்க வேண்டும். டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் மட்டையைக் கொடுத்துக் காரைத் தள்ளும் குறுக்கு வழியில் பெயின்ட் வெடிக்கும். வெடித்த இடத்தில் கொழும்புக் காற்று ஒரு மழைக்காலத்துக்குள் துருவைக் கொண்டுவரும். முன்பு பட்டி பிடித்த ஃபெண்டரை மடிக்கவே வேண்டாம். மடித்த விளிம்பில் சிங்க் பிரைமரும் சீலன்ட்டும் கட்டாயம்.

கெம்பரும் உதவும். 300 மி.மீ. ஆரமுள்ள டயரில் ஒரு பாகை நெகட்டிவ் கெம்பர் டயரின் உச்சியை ஏறத்தாழ 5 மி.மீ. உள்ளே சாய்க்கும். முன்னால் −1 முதல் −1.5 வரை வைத்துக்கொள்ளலாம். கெம்பர் போல்ட் போட்டால் அந்த அளவு கிடைக்கும். டோர்ஷன் பீமில் பின் கெம்பரை மாற்ற ஷிம் தகடு தவிர வழியில்லை. ஆகவே பின் ரிம்மின் ஒஃப்செட்டை முதலிலேயே சரியாக எடுக்க வேண்டும்.

அலைன்மென்ட்

ஸ்பிரிங் பூட்டிய அன்றே அலைன்மென்ட் செய்து ஓட்டுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகு திரும்பச் செய்யுங்கள், ஏனென்றால் ஸ்பிரிங் அதற்குள் இன்னும் சில மி.மீ. உட்கார்ந்திருக்கும். உள்விளிம்பு தேய்ந்தால் கெம்பர்தான் காரணம் என்று எல்லாரும் சொல்வார்கள். −1.5 பாகை கெம்பர் தனியாக டயரைத் தின்னாது. தாழ்த்தியதால் மாறிய டோ அளவுதான் (சக்கரங்களின் முன்முனை உள்ளே அல்லது வெளியே திரும்பியிருப்பது) தின்னும். முன் டோ மொத்தம் 0 முதல் 1 மி.மீ. உள்ளே இருக்கட்டும். முடிந்த பின் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்குங்கள். மெஷின் பச்சை நிறம் காட்டுகிறது, எல்லாம் சரி என்று வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். கேமராவும் ராடாரும் பிரேக் பிடிக்கும் புதிய மொடல் என்றால் உயரம் மாறியதற்கு ஏற்பக் கலிபரேஷன் வேண்டும். ஹெட்லைட்டையும் சரிசெய்ய வேண்டும்.

பொலிஸும் காப்புறுதியும்

2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டத்தோடு வாகன மேலதிகங்களைப் பொலிஸார் கழற்றத் தொடங்கியதிலிருந்து வீதியில் கண்கள் கூர்மையாகிவிட்டன. ஃபெண்டரை விட்டு வெளியே நீட்டும் டயர் தூரத்திலிருந்தே தெரியும். ஃப்ளஷ்ஷில் நின்றால் அந்தப் பேச்சுக்கு இடம் குறைவு. காப்புறுதி நிறுவனத்துக்கு ரிம், டயர், ஸ்பிரிங் மாற்றத்தை எழுத்தில் அறிவித்து, பதிலை வைத்திருங்கள். ஒரிஜினல் ஸ்பிரிங்கும் ரிம்மும் விற்க வேண்டாம். நாளை கார் விற்கும்போது வாங்குபவர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஓடத் தொடங்கிய பின்

முதல் 100 கி.மீ.இல் சக்கர நட்டைத் திரும்ப டோர்க் வையுங்கள். டக் டக் என்று குழியில் சத்தம் வந்தால் முதலில் ஸ்டபிலைசர் லிங்க், அடுத்து டொப் மவுன்ட். லிங்க் புதிய உயரத்தில் சரிந்து நின்றால் நீளம் குறைந்த லிங்க் வேண்டும். ஸ்டியரிங் திரும்பும்போது குதிக்கும் சத்தம் பெயரிங். வேகத்தடையில் இறங்கும்போது தட் என்று ஒரே அடி விழுந்தால் பம்ப் ஸ்டொப். பின் சீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் என்றால் பின்பக்கம் அதிகம் தாழ்ந்திருக்கிறது. காற்று ஸ்டிக்கர் அளவைவிட 2 பிஎஸ்ஐ கூட வைத்து, வாரத்துக்கு ஒரு முறை பெற்றோல் செட்டில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். 1000 கி.மீ.இல் ஹப்பிலிருந்து ஃபெண்டர் வரை நான்கு மூலையையும் அளந்து பழைய தாளோடு ஒப்பிட்டு, முன் டயர்களின் உள்தோளைக் கையால் தடவுங்கள். ஒரு பக்கமாகத் தடவும்போது வழவழப்பும் மறுபக்கமாகக் கூரும் தெரிந்தால், அந்த வாரமே அலைன்மென்ட் மெஷினுக்குத் திரும்புங்கள்.